கடல் நூதனசாலை காலியில் இருக்கிறது, எங்களிடம் ஏன் இல்லை?

2025 பங்குனி 3, இரவு

இலங்கையின் தேசியக் கடல்சார் நூதனசாலை தெற்கே காலி நகரின் கோட்டைக்குள் இருக்கிறது. ஒல்லாந்தர் வாசனைப் பொருள்களும் கப்பல் சாமான்களும் அடுக்கி வைத்த பழைய கிடங்கு அது. 1992 இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். நாட்டிலேயே அப்படி ஒன்றே ஒன்றுதான். கப்பல் வந்து நின்ற ஊருக்கு நூதனசாலை, கப்பல் கட்டி அனுப்பிய ஊருக்கு ஒன்றுமில்லை. இது என்ன கணக்கு?

யாழ்ப்பாணக் கரையின் ஊர்ப் பெயர்களை வாசித்துப் பாருங்கள். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை. துறை இல்லாமல் எங்களுக்கு ஊர்ப் பெயரே வைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்பித்த கடல் வரலாறோ வாஸ்கோ ட காமாவில் தொடங்கி லொறென்சோ டி அல்மெய்தாவில் முடிந்துவிட்டது. காற்றுக்கு வழி தவறி இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் என்று பாடப்புத்தகமே அவரைச் சொன்னது. வழி தவறி வந்தவருக்கு ஒரு பாடம். வழி தெரிந்து போய்வந்தவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

பங்குனி 4, காலை

"ஒன்றே ஒன்று" என்று எழுதியது பிழை. திருகோணமலையில் ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் குடியிருந்த பழைய வீட்டைத் திருத்தி, கடல் வரலாற்றுக்கும் கடற்படை வரலாற்றுக்குமாக 2013 இல் ஒன்று திறந்திருக்கிறார்கள். காலியிலும் அதே கிடங்கில் கடல்சார் தொல்லியலுக்கென்று தனியாக ஒரு நூதனசாலை உண்டு. ஆக மூன்றுக்குக் குறையாது. கோபத்தில் எழுதினால் எண்ணிக்கை குறையும். யாழ்ப்பாணத்தில் பூச்சியம் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

பங்குனி 4, இரவு

கொழும்பில் இருக்கும் நண்பர் கேட்கிறார்: "காலியில் கடலுக்கு அடியில் கப்பலே கிடக்கிறது. உங்களிடம் என்ன கிடக்கிறது?"

நியாயமான அடி. காலித் துறைமுகத்தில் கிடப்பது அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல். 1659 இல் நங்கூரம் பிடி விட்டுக் கரையில் மோதி மூழ்கியது. பிறப்பால் அது ஆங்கிலேயக் கப்பல். ஒல்லாந்தர் பிடித்துப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கப்பலை வைத்துத்தான் 2001 முதல் இங்கே உள்ளவர்கள் சுழியோடி அகழ்வு செய்யப் பழகினார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூழ்கிய கப்பலுக்குத்தான் நூதனசாலை கிடைக்கிறது. பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்த தோணி கடைசியில் பலகை பலகையாகக் கழன்று அடுப்புக்குள் போய்விடுகிறது. நன்றாக ஓட்டியதற்குத் தண்டனை.

பங்குனி 9

வாசிக்கிறவர்கள் சிலர் அன்னபூரணி என்ற கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

1930களின் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அது. நீளம் 89 அடி. அம்மன் பெயர்: அன்னபூரணி அம்மாள். வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர், ஆகவே கப்பல் பார்க்கத் தெரிந்தவர். வாங்கியதும் அம்மனின் பெயரை எடுத்துவிட்டுத் தம் மனைவியின் பெயரை வைத்தார்: 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. அம்மனிடமும் மனைவியிடமும் அவருக்கு ஒரே பயபக்திதான் போலும்.

வல்வெட்டித்துறைத் தண்டையல் (கப்பல் தலைவர்) ஒருவரும் அந்த ஊர் மாலுமிகளும் அந்தக் கப்பலைச் சுயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோய், ஜிப்ரால்டர் தாண்டி, அத்திலாந்திக்கைக் கடந்து, பெர்மூடாவில் தங்கி, 1938 ஆவணியில் மாசசூசெட்சு மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளொஸ்டரே ஒரு பாய்க்கப்பல் ஊர். அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து நின்று பார்த்திருக்கிறார்கள்.

என் தலைக்குள் நிற்பது பயணம் அல்ல, கட்டிய விதம். கடதாசியில் வரைபடம் கிடையாது. மேஸ்திரியார் ஏராவை (கப்பலின் அடிமரத்தை) கிடத்தி, கண்ணளவிலும் கயிற்றளவிலும் வங்குகளை (விலா மரங்களை) நிறுத்தி, பலகை வளைத்து, இடுக்குகளில் கலப்பற்றுப் போட்டு மூடுவார். கலப்பற்று என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாரைத் திரித்து உளியால் அறைந்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது என்றேன். "அப்படியென்றால் சிலிக்கோன்" என்றாள். ஆமாம், சிலிக்கோன்தான்.

பங்குனி 10

வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரின் கண்டிப்பு: "அன்னபூரணியைக் கட்டியது வல்வெட்டித்துறை. ஊர்காவற்றுறை வழி வந்த நீங்கள் 'நாங்கள் கட்டியது' என்ற தொனியில் எழுத வேண்டாம்."

ஒப்புக்கொள்கிறேன். மேலே 3ஆம் திகதிக் குறிப்பில் "எங்களுக்கு" என்பதை வேண்டிய இடத்தில் "அவர்களுக்கு" என்று வாசித்துக்கொள்ளவும். நூதனசாலை வந்தால் எந்தத் துறையில் வைப்பது என்ற சண்டையிலேயே பத்து வருடம் போகும் என்பது இப்போதே தெரிகிறது.

பங்குனி 16

இன்று நயினாதீவு. குறிகட்டுவான் வரை பஸ், பிறகு வள்ளம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். காற்று இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.

அம்மன் கோயிலில் எல்லோரும் கும்பிடப் போக, நான் கல்லைத் தேடிப் போனேன். முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டு, மொழி தமிழ். பொலன்னறுவையில் இருந்த அரசன் இந்தக் கரைக்குத் தமிழில் கட்டளை போட்டிருக்கிறான். பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது. கப்பல் உடைந்தால் யாருக்கு எவ்வளவு என்பதும் இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

ஏன் இந்த வித்தியாசம்? யானையும் குதிரையும் படைக்கு வேண்டும். அவற்றைக் கொண்டுவருகிறவன் ஒருமுறை நட்டப்பட்டு மறுமுறை வராமல் போனால் அரசனுக்குத்தான் இழப்பு. அதனால் அவனுக்குச் சலுகை. பட்டுக்காரன் எப்படியும் வருவான், அவனிடம் பாதியை எடு. இன்றைய சுங்கத்தில் இருக்கிறவர்கள் வாசித்தால் ரசிப்பார்கள்.

ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறை. வல்வெட்டித்துறை நண்பர் கவனிக்கவும். (புள்ளி ஒன்றுக்கு ஒன்று.)

பங்குனி 17

கோயில் பற்றி எழுதினேன், வரும் வழி பற்றி எழுதவில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், கடலுக்குள் நிற்கும் கோட்டையை நாங்கள் கடற்கோட்டை என்போம். ஏட்டில் ஹமன்ஹீல். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் 1658 இல் பிடித்தது. குண்டு பட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்துபோக, உள்ளே இருந்தவர்கள் தாகத்தால் கதவு திறந்தார்கள். ஒல்லாந்தர் கண்ணுக்கு இலங்கை பன்றித் தொடைபோலத் தெரிந்ததாம், இந்தக் கோட்டை அதன் குதியாம். பன்றித் தொடையின் குதி என்று ஒரு கோட்டைக்குப் பெயர் வைத்தவர்கள் எங்களுக்குக் கலை கற்பித்ததாக இன்னும் சிலர் எழுதுகிறார்கள். இப்போது அது கடற்படையின் விடுதி.

பங்குனி 23

கிரீனிச் பற்றி ஒருவர் கேட்டதால் கொஞ்சம் வாசித்தேன். வாசித்ததில் என் கட்சிக்கே இடி விழுந்தது.

தேசியக் கடல்சார் நூதனசாலை என்றதும் உலகம் முதலில் நினைப்பது இலண்டன் கிரீனிச்சில் இருப்பதைத்தான். அதற்கான சட்டம் 1934, ஆறாம் ஜோர்ஜ் மன்னர் திறந்து வைத்தது 1937 சித்திரை. அடுத்த ஆண்டுதான் எங்கள் (மன்னிக்கவும், அவர்கள்) அன்னபூரணி குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அரசு நினைத்துக் கட்டியது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் பணத்தைக் கொட்டியவர் ஜேம்ஸ் கெயர்ட் என்ற கப்பல் முதலாளி. அவர் முதலில் கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை. 1928 இல் மக்பெர்சன் என்பவர் சேர்த்து வைத்திருந்த கடல் ஓவிய அச்சுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, வெளியூருக்குப் போய்விடாமல் வாங்கினார். பிறகும் வாங்கிக்கொண்டே இருந்தார். பொருள் குவிந்த பின்தான் கூரை.

அப்படியானால் 3ஆம் திகதி நான் கேட்ட கேள்வியே தலைகீழ். நாளைக்கே யாராவது யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் ஒரு மண்டபம் தந்தால் உள்ளே எதை வைப்பேன்?

பங்குனி 24

நேற்றைய கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது: "உன்னை வை."

சித்திரை 5

காலிக்குப் போய்விட்டு வந்தேன். இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து கரையோர ரயில். சண்டை பிடிக்கத்தான் போனேன் என்பதை ஒளிக்கவில்லை.

கிடங்கு நீளம், மிக நீளம். உள்ளே போனதும் வெயில் நின்றுவிடும். சுவரின் தடிப்பு வாசலில் நின்றால் தெரிகிறது, என் கையை முழுவதும் நீட்டினாலும் மறுபக்கம் எட்டவில்லை. அந்தச் சுவரைத் தாண்டித்தான் 2004 மார்கழி 26 அன்று அலை உள்ளே வந்தது. பொருள்கள் அடிபட்டுப் போயின. அவொண்ட்ஸ்டர் அகழ்வுக்காரர்களின் வேலைத்தலம் துறைமுகக் கரையில் இருந்தது, அதையும் கடல் கொண்டுபோனது. முந்நூற்றைம்பது ஆண்டு கடலுக்கடியில் இருந்து தப்பியவற்றில் ஒரு பகுதியைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்ததும் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு நெதர்லாந்து உதவியுடன் திருத்தி 2010 இல் மீண்டும் திறந்தார்கள். பதினெட்டு ஆண்டுக்குள் இரண்டு திறப்புவிழா.

உள்ளே திமிங்கில எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நாவலர் வீதித் தொல்லியல் நூதனசாலை வாசலில் ஒல்லாந்தப் பீரங்கி இரண்டும் திமிங்கில எலும்பும் கிடந்ததைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கடல் என்றால் எல்லோருக்கும் முதலில் திமிங்கிலம்தான் நினைவுக்கு வருகிறது.

சண்டை பிடிக்கவில்லை. காவலாளி ஐயா என் தமிழ்ச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டு, மதிலில் ஏறிப் பார்க்கச் சரியான நேரம் ஐந்தரை என்று சொன்னார். ஐந்தரைக்கு ஏறினேன். சரியாகத்தான் சொன்னார்.

சித்திரை 6

மும்மொழிக் கல்வெட்டை எழுதாமல் விட்டுவிட்டேன். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல், ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. தெய்வத்துக்கு ஒரு மொழி, ஆனால் காணிக்கை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று பட்டியல் போகிறது. தேவேந்திரமுனையில், இலங்கையின் தென்கோடியில், அன்றைக்கு வணிகர் வாசிக்கும் மொழி தமிழ் என்று சீனாவில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில். கண்டுபிடித்தது 1911 இல், காலியில். எங்கே என்று நினைக்கிறீர்கள்? தெருவில், மதகுக்கு மூடியாக. மூன்று எழுத்தும் கீழ்ப்பக்கம், மேலே வண்டில் போய்க்கொண்டிருந்தது.

சித்திரை 6, பின்னிரவு

மதகு மூடி தூங்க விடவில்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மப்பா தண்டையலாக இருந்தவர். ஊர்காவற்றுறையிலிருந்து தோணியில் புகையிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு மலையாளக் கரைக்குப் போவார், வரும்போது கூரை ஓடு. நான் பிறக்குமுன்பே தோணி இல்லை. அதன் நங்கூரம் மட்டும் அம்மாவின் வளவில் படலைக்குப் பக்கத்தில் பாதி புதைந்து கிடந்தது. இரண்டு கை, மேலே ஒரு வளையம். ஆடு கட்டுவோம். மழைக்குத் துரு ஒழுகி மண் சிவந்திருக்கும். இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. நங்கூரம் கிடந்தது. யாராலும் தூக்க முடியவில்லை போலும்.

2011 இல் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். நான்தான் விற்றேன். 140 கிலோ என்று நினைவு. அந்தக் காசில் தண்ணீர் மோட்டார் ஒன்று வாங்கினேன், அது ஒன்றரை வருடம் ஓடியது.

நூதனசாலை ஏன் இல்லை என்று கேட்டவன் நான்.

சித்திரை 8

ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். "எல்லோரும் விற்றார்கள்" என்பது உண்மைதான், கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தில் தோணி வைத்திருந்து என்ன செய்வது என்பதும் உண்மைதான். ஆனால் 2011 இல் எனக்கு யாரும் தடை போடவில்லை.

சித்திரை 15

வருடப்பிறப்புக்குச் சின்னம்மா வீடு. அவருக்கு 84. அம்மப்பாவின் திசைகாட்டிப் பெட்டி அவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததில்லை.

இருக்கிறது. பலாப்பலகைப் பெட்டி, ஒரு சாண் சதுரம், மூலைகளில் பித்தளைத் தகடு. உள்ளே திசைகாட்டி இல்லை. அது இருந்த வட்டக் குழியில் நூல்பந்து, ஊசி, சட்டைப் பொத்தான். மூடியின் உட்பக்கம் கத்தியால் கீறிய கோடுகள், ஐந்து ஐந்தாக. பயணக் கணக்கா, நாள் கணக்கா என்று கேட்டேன். "உன் அம்மாவும் நானும் கொக்கான் விளையாடிய புள்ளிக் கணக்கு" என்றார்.

பெட்டியைத் தரமாட்டாராம். "எங்கே வைக்கப்போகிறாய்? கட்டி முடித்தபின் வா."

பெட்டி கிடைக்கவில்லை, சொற்கள் கிடைத்தன. ஒரு பிளேன்ரீக்கும் இன்னொரு பிளேன்ரீக்கும் இடையில் அவர் சொன்னவை: அணியம், ஏரா, வங்கு, சுக்கான், பருமல். பருமல் என்பது பாயைத் தூக்கிப் பிடிக்கும் குறுக்கு மரம். நான் கேள்விப்படாத சொல். நாலு காற்றையும் கை நீட்டிக் காட்டினார்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். வீட்டுக்குள் கதிரையில் இருந்தபடியே காட்டினார். நான் வெளியே வந்து கைபேசியில் சரிபார்த்தேன். நாலும் சரி. எனக்கு அந்த வீட்டில் வடக்கு எது என்று இன்னும் தெரியாது.

அவருடைய அப்புவின் காலத்தில் வல்வெட்டித்துறைக் கப்பல்கள் சோளகத்தில் அக்கியாப், ரங்கூன் பக்கம் போய், வாடையில் அரிசியோடு திரும்புமாம். "அது பெரிய கப்பல்காரர். நாங்கள் சின்னத் தோணி" என்றார். வல்வெட்டித்துறை நண்பருக்கு இன்னொரு புள்ளி.

வைகாசி 2

கொழும்பு நண்பர் விடுவதாக இல்லை: "உங்கள் கடலில் என்ன கிடக்கிறது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை."

கடலில் தேட வேண்டாம். அல்லைப்பிட்டியில் 1977 இல் மண்ணுக்குள் சீன மட்பாண்டங்கள் வந்தன. சொங் வம்சக் காலம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அண்மையில் தோண்டியபோது போர்த்துக்கேயருக்கு முந்திய வாழ்விடம் வந்தது, அங்கேயும் சீன ஓடு. கோட்டை கட்டியவர்கள் வெறும் காட்டில் கட்டவில்லை, நடந்துகொண்டிருந்த துறையின் மேல் கட்டினார்கள். இன்னொன்று: தெற்கே கொடவாயவில் கடலடியில் கிடக்கும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கப்பலைக் கண்டுபிடித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், சங்கு குளிக்கப் போனவர்கள். தீவுப்பகுதியில் சங்கு குளித்தவர்களிடம் யாராவது போய்க் கேட்டார்களா? நான் கேட்கவில்லை. கேட்கப் போகிறேன்.

வைகாசி 11

சங்கு குளித்தவர் ஒருவரைப் பார்த்தேன். காது சரியாகக் கேட்கவில்லை, சத்தம் போட்டுப் பேச வேண்டியிருந்தது. கப்பல் ஏதும் கண்டீர்களா ஐயா என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை விளங்கியது. "கண்டிருந்தால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்?"

வைகாசி 18

திருத்தம். அக்கா கனடாவிலிருந்து பழைய படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். 1970களில் எடுத்தது. அம்மாவின் வளவு, படலை, அக்கா நங்கூரத்தின் மேல் இருக்கிறார், ஆடு அவருடைய சட்டையைத் தின்கிறது. நங்கூரத்தில் ஒரு கை மண்ணுக்குள், ஒரு கை மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. இருபது வருடம் அதைத் தாண்டி நடந்தேன், விலை பேசினேன், லொறியில் ஏற்றக் கைகொடுத்தேன். எண்ணவில்லை.

அதோடு அலுமாரியில் இரும்புக்காரர் எழுதித் தந்த துண்டும் அகப்பட்டது. சித்திரை 6ஆம் திகதிக் குறிப்பில் இரண்டு கை என்று எழுதியதை நான்கு கை என்றும், 140 கிலோ என்பதை 96 கிலோ என்றும் வாசிக்கவும்.